உயர்ந்ததா, உயர்த்தப்பட்டதா? ஆற்றல், காலநிலை அறிவியலை விளக்கிய அசைவூட்டப் படங்களில் வினைமுதலும் காலமும் (1953–2023)

ஆய்வுச் சுருக்கம்

ஆற்றல், காலநிலை ஆகிய துறைகளின் அடிப்படைக் கருத்துகளைப் பொதுமக்களுக்கும் மாணவருக்கும் விளக்க அசைவூட்டப் படங்கள் எழுபது ஆண்டுகளாகப் பயன்பட்டு வருகின்றன. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அவை வளர்ந்த வரலாற்றை, ஒவ்வொரு படமும் எதனை வினைமுதலாக நிறுத்தியது, காலத்தை எவ்வாறு காட்டியது என்னும் இரு வினாக்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. நிறுவனங்களின் செலவில் உருவான 1950களின் படங்களில் உருவகப் பாத்திரங்கள் வினைமுதலாக நின்றன. காலம் தெளிவின்றி இருந்தது. தரவுகளே அசையும் பிற்காலப் படங்களில் காலம் துல்லியம் பெற்றது, வினைமுதல் மறைந்தது.

திறவுச்சொற்கள்: அசைவூட்டப் படம், காலநிலை, ஆற்றல், கரியமில வாயு, வினைமுதல், தரவுக் காட்சி, அறிவியல் வரலாறு

கண்ணாடித் தளப் படகு

1958 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 'தி அன்செயின்டு காடெஸ்' என்னும் படம் ஒளிபரப்பாயிற்று. கட்டவிழ்ந்த தேவதை என்பது தலைப்பின் பொருள். பெல் தொலைபேசிக் குழுமத்தின் செலவில் உருவான அறிவியல் படவரிசையில் அது நான்காவது. வானிலையை மீட்டியோரா என்னும் வரையப்பட்ட தேவதையாக உருவகித்து, காற்றும் மழையும் புயலும் தோன்றும் முறையை விளக்குவது அதன் நோக்கம். படத்தின் பிற்பகுதியில் எழுத்தாளராக வரும் பாத்திரம் ஒரு கேள்வியை எழுப்புகிறது. பெருங்கடல் நீரோட்டங்களைத் திசைதிருப்பினால் என்ன ஆகும், ஹட்சன் விரிகுடாவை அணு உலைகளால் சூடேற்றினால் என்ன ஆகும் என்பது அக்கேள்வி. அவை ஆபத்தான கேள்விகள் என்று தொடங்கும் அறிவியலாளர் பாத்திரம், மனிதன் தன்னை அறியாமலே இப்போதே உலகின் காலநிலையை மாற்றிக்கொண்டிருக்கக்கூடும் என்கிறது. ஆலைகளும் ஊர்திகளும் ஆண்டுதோறும் 600 கோடி டன்னுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவைக் காற்றில் கலக்கின்றன; வெப்பநிலை சில பாகை உயர்ந்தால் துருவப் பனி உருகும்; மிசிசிப்பிப் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியை உள்நாட்டுக் கடல் நிரப்பும்; கண்ணாடித் தளப் படகில் செல்லும் சுற்றுலாப் பயணிகள் 150 அடி நீருக்கடியில் மூழ்கிக் கிடக்கும் மயாமி நகரக் கோபுரங்களைக் குனிந்து பார்ப்பர். இரண்டு நிமிடத்துக்குள் இச்செய்தி முடிந்து, படம் வேறு பொருளுக்குச் சென்றுவிடுகிறது.

அப்படம் ஒளிபரப்பாகி ஏழு வாரம் நிறையும் முன்னரே, மார்ச் மாத இறுதியில், ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் டேவிட் கீலிங் கரியமில வாயுவின் செறிவை அளக்கத் தொடங்கினார். அங்குப் பதிவான முதல் அளவு, காற்றில் பத்து லட்சத்தில் 313 பங்கு. ஆகவே படம் எச்சரித்த நாளில், அந்த வாயு காற்றில் கூடிவருகிறது என்பதை நேரடியாக நிறுவும் தொடர் அளவீடு உலகில் இல்லை. ரோஜர் ரெவெல், ஹான்ஸ் சூயஸ் ஆகியோரின் 1957ஆம் ஆண்டுக் கட்டுரையும், அதற்கு முந்திய ஆண்டில் கில்பர்ட் பிளாஸ் எழுதிய கரியமில வாயுக் கொள்கையும் அறிஞர் வட்டத்தில் இருந்தன. அளவீட்டுக்கு முன்பே காட்சி வந்துவிட்டது.

இன்று இக்காட்சியை எடுத்துக்காட்டுவோர், அந்நாளிலேயே சொன்னார்கள் என்று வியப்பதோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். அவ்வியப்பு நியாயமானதே, ஆயினும் சொல்லப்பட்டது எது, சொல்லாமல் விடப்பட்டது எது என்னும் ஆய்வுக்கு அது இடமளிப்பதில்லை. அதற்கான கருவி தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. ஒரு வினைச்சொல்லிலிருந்து செய்பவர், செய்யும் கருவி, இடம், தொழில், காலம், செயப்படுபொருள் என ஆறும் பெறப்பட வேண்டும் என்று நன்னூல் வகுத்தது. காலத்தை வெளிப்படையாகக் காட்டுவது தெரிநிலை வினை. வினைமுதலை மட்டும் வெளிப்படுத்திக் காலத்தைக் குறிப்பால் உணரவைப்பது குறிப்புவினை. அசைவூட்டப் படம் அசைவையே மொழியாகக் கொண்டது. ஆதலின் அதனை ஒரு வினைச்சொல்லைப் போலப் படிக்க இயலும். மயாமிக் காட்சியைக் கேட்கும்போது வினைமுதல் மனிதன் என்பது விளங்குகிறது. காலம்? பத்து ஆண்டிலா, பத்தாயிரம் ஆண்டிலா? அதனைப் படம் சொல்லவில்லை. அது குறிப்புவினை.

பூதமும் ஏவியவரும்

1958ஆம் ஆண்டுப் படம் தனியே முளைத்ததன்று. அமெரிக்காவில் ஆற்றல் பற்றிய அசைவூட்டப் படங்கள் அப்பத்தாண்டில் ஒரு தொழிலாகவே வளர்ந்திருந்தன. அத்தொழிலின் நடுநாயகமாக இருந்தவர், முன்னர் டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் சதர்லண்ட். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்காக 1953இல் அவர் தயாரித்த 'ஏ இஸ் ஃபார் ஆட்டம்' என்னும் படத்தில் தனிமங்கள் ஓர் ஊரின் குடிமக்களாக வருகின்றன. தலைக்குப் பதிலாக அணுவின் வடிவைத் தாங்கிய 'அணு மருத்துவர்' பாடம் நடத்துகிறார். அணுக்கருப் பிளவும் தொடர்வினையும் அதில் விளக்கப்பட்ட தெளிவு இன்றைய வகுப்பறைக்கும் பயன்படத்தக்கது. படத்தின் பிற்பகுதியில் அணு ஆற்றல் விண்ணளாவிய ஒளியுருவங்களாக எழுகிறது. போர்வீரர், பொறியாளர், உழவர், மருத்துவர், ஆய்வாளர் என அவ்வுருவங்கள் பல. அவை மனிதனின் ஏவலுக்குக் காத்து நிற்கின்றன.

நான்காண்டு கழித்து, 1957 ஜனவரி 23 அன்று, டிஸ்னி தொலைக்காட்சித் தொடரில் 'அவர் ஃபிரண்ட் தி ஆட்டம்' வெளிவந்தது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ஸ் ஹாபர் அதன் விளக்கவுரையாளர். ஆயிரத்தோர் இரவுகளில் வரும் மீனவனும் குடத்துப் பூதமும் பற்றிய கதையை அப்படம் அணுவுக்குப் பொருத்திற்று. விடுவிக்கப்பட்ட பூதத்திடம் மனிதன் கேட்கும் வரங்கள் மூன்று: ஆற்றல், உணவும் உடல்நலமும், அமைதி. தொடர்வினையை விளக்க, எலிப்பொறிகளின் மேல் மேசைப்பந்துகளைப் பரப்பி, ஒரே ஒரு பந்தை எறிந்து, அத்தனை பொறிகளையும் தெறிக்கச் செய்யும் நேரடிக் காட்சியை ஹாபர் காட்டினார். சமன்பாடு ஏதுமின்றிப் பெருக்கத்தின் வேகத்தை அதனினும் தெளிவாக உணர்த்திய காட்சி வேறொன்றைச் சுட்டுவது கடினம். அமெரிக்கக் கடற்படையும் ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனமும் இப்படத்துக்கு ஒத்துழைத்தன. உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலைக் கட்டியது அந்நிறுவனமே.

இங்கு இலக்கணத்தின் மற்றொரு வேறுபாடு துணைக்கு வருகிறது. கோயிலைச் சிற்பி கட்டினார் என்பதும் மன்னர் கட்டினார் என்பதும் இரண்டும் வழக்கே. முன்னவர் இயற்றுதற் கருத்தா. பின்னவர் ஏவுதற் கருத்தா. அணுப் படங்களில் பூதமும் ஒளியுருவமும் இயற்றுதற் கருத்தாக்கள். ஏவுதற் கருத்தாவாகப் படம் காட்டுவது 'மனிதன்' என்னும் பொதுப்பெயரை. அணு உலை கட்டும் நிறுவனமோ, நீர்மூழ்கிக்கு ஆணையிட்ட அரசோ திரைக்கதைக்குள் வருவதில்லை. அறிவியல் விளக்கத்தில் தவறு இருப்பதாக இதற்குப் பொருளில்லை. விளக்கம் சரியாக இருக்கும்போதே வினைமுதலை இடம்மாற்றி வைக்க முடியும் என்பதே இதனால் பெறப்படுவது.

எண்ணெய்த் துறையும் இவ்வழியைக் கையாண்டது. அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட் அமைப்புக்காக 1956இல் சதர்லண்ட் நிறுவனம் எடுத்த 'டெஸ்டினேஷன் எர்த்' படத்தில், ஆக் என்னும் சர்வாதிகாரி ஆளும் செவ்வாய்க் கோளிலிருந்து ஒருவன் பூமிக்கு அனுப்பப்படுகிறான். பூமியின் வளத்துக்குப் பெட்ரோலியமும் தடையற்ற போட்டியுமே காரணம் என்று அறிந்து திரும்புகிறான். எண்ணெய் எங்கெல்லாம் பயன்படுகிறது என்பது வண்ணத்தோடும் வேகத்தோடும் காட்டப்படுகிறது. எரிந்தபின் அது என்ன ஆகிறது என்னும் கேள்வி எழவே இல்லை. மூன்றே ஆண்டில், 1959 நவம்பரில், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அதே அமைப்பு பங்கேற்று நடத்திய கருத்தரங்கில் எட்வர்ட் டெல்லர் அக்கேள்வியை எழுப்பினார். புதைபடிவ எரிபொருளால் கரியமில வாயு மிகும், பனி உருகும், கடலோர நகரங்கள் நீரில் அமிழும் என்று அவர் எண்ணெய்த் துறையினர் முன்னிலையிலேயே எச்சரித்தார். அவ்வெச்சரிக்கையை வரைந்துகாட்ட எந்தச் சதர்லண்டும் அமர்த்தப்படவில்லை.

இப்பின்னணியில் பெல் படவரிசையின் தனித்தன்மை புலப்படும். வேதிப் பொறியியல் பயின்று திரைத்துறைக்கு வந்த பிராங்க் காப்ரா அதன் முதல் நான்கு படங்களைத் தயாரித்தார். முதற்படமான 'அவர் மிஸ்டர் சன்' 1956 நவம்பர் 19 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் வெளிவந்தது. அதில் சூரியனே பேசும் பாத்திரம். பச்சையம் இன்னொரு பாத்திரம். ஒளிச்சேர்க்கை, எரிபொருள் தீர்ந்துபோகும் வாய்ப்பு, சூரிய ஆற்றல் என்று படம் செல்கிறது. 1954 ஏப்ரலில் பெல் ஆய்வகம் அறிவித்த சிலிக்கான் சூரிய மின்கலமும் அதில் இடம்பெற்றது. விளம்பரம் அங்கும் இருந்தது. ஆனால் விற்கப்பட்ட பொருள் எரிபொருளன்று. தொலைபேசி நிறுவனத்துக்கு எண்ணெய் விற்பனையில் நேரடி ஆதாயம் இல்லாமையே 1958இல் அந்த இரண்டு நிமிடத்துக்கு இடம் கிடைக்கக் காரணம் என்று உறுதியாகக் கூறச் சான்றில்லை எனினும், அவ்வாறு கருதுவது பொருத்தமற்றதன்று. அந்நான்கு படங்களிலும் அறிவியலாளராகத் தோன்றிய பிராங்க் பாக்ஸ்டர் உண்மையில் தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில இலக்கியப் பேராசிரியர். இப்படங்களின் படிகள் பள்ளிகளுக்கு விலையின்றி வழங்கப்பட்டதால், ஒரு தலைமுறை அமெரிக்க மாணவருக்கு அறிவியலாளரின் முகமாக விளங்கியது ஓர் இலக்கிய ஆசிரியரின் முகம்.

1958 படத்தில் எச்சரிக்கையை உரைப்பவர் மீட்டியோரா அல்லர் என்பதும் கருதத்தக்கது. புயலுக்கும் மழைக்கும் தேவதை வினைமுதலாக இருக்க, கரியமில வாயுவுக்கு மட்டும் வினைமுதல் மனிதன் எனப் பாக்ஸ்டர் கூறுகிறார். உடனே 'தன்னை அறியாமல்' என்னும் அடையையும் சேர்க்கிறார். அந்நாளில் அவ்வடை பொருந்தியது. அடுத்த ஆண்டே எண்ணெய்த் துறையினர் அறிந்துவிட்டனர்.

நீதிமன்றத்துக்கு வந்த காலம்

கையால் வரைந்த படத்திலிருந்து கணிப்பொறி வரைந்த படத்துக்கு மாற்றம் நிகழ்ந்ததும் பெல் ஆய்வகத்திலேயே. 1963இல் எட்வர்ட் ஜாஜாக் பூமியைச் சுற்றும் செயற்கைக்கோளின் சுழற்சியைக் கணித்து, அக்கணக்கிலிருந்தே படச்சட்டங்களை உருவாக்கினார். ஓவியர் கற்பனையில் கண்ட அசைவு போய், சமன்பாடு தந்த அசைவு வந்தது. 1985இல் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய 'தி மெக்கானிக்கல் யூனிவர்ஸ்' தொடரில், ஜேம்ஸ் பிளின் வரைந்த கணிப்பொறி அசைவூட்டங்கள் ஆற்றல் அழியாமை விதி முதலிய கருத்துகளைப் பல்கலைக்கழக மாணவருக்குக் கொண்டுசென்றன. ஆயினும் காலநிலை குறித்துப் பொதுமக்களை எட்டிய படங்களில் பழைய உருவக மரபு நெடுங்காலம் நிலைத்தது.

2006இல் வெளிவந்த 'ஆன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்' இதற்குச் சிறந்த சான்று. முன்னாள் துணைக் குடியரசுத் தலைவர் அல் கோர் நிகழ்த்தும் உரையே அப்படம். அதனுள் மூன்று வகை அசைவூட்டங்கள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவது, 'ஃபியூச்சராமா' தொடரிலிருந்து எடுத்த கேலிச்சித்திரம். பூமியைப் பார்க்க வரும் சூரியக் கதிரைப் பசுமை இல்ல வாயுக்களாகிய முரடர்கள் அடித்துப் போடுகின்றனர். அரங்கு சிரிக்கிறது, இயற்பியலோ தலைகீழாகிறது. சூரிய ஒளியின் பெரும்பகுதியை இவ்வாயுக்கள் தடுப்பதில்லை. பூமி திருப்பி வெளியிடும் அகச்சிவப்புக் கதிரையே அவை உறிஞ்சி, எல்லாத் திசையிலும் மீண்டும் வெளியிடுகின்றன. ஜான் டிண்டால் 1859 முதலே ஆய்வகத்தில் நிறுவிய செய்தி இது. பாடநூல் படங்களில் கதிர்கள் ஒரு கூரையில் மோதித் திரும்புவதாக அம்புக்குறி வரைவதும் இத்தகைய பிழையே. 'பசுமை இல்லம்' என்னும் பெயரே இதற்கு ஓரளவு காரணம். உண்மையான கண்ணாடி இல்லம் வெப்பமாக இருப்பதற்கு முதன்மைக் காரணம் சூடான காற்று வெளியேற முடியாமை என்று 1909இலேயே ஆர். டபிள்யூ. வுட் சோதித்துக் காட்டினார்.

மற்ற இரண்டும் நீதிமன்றம் வரை சென்றன. மிதக்கும் பனித்துண்டில் ஏற முயன்று, அது உடைய, மீண்டும் நீந்தும் துருவக்கரடி ஒன்று. கடல் மட்டம் 20 அடி உயர்ந்தால் ஃபுளோரிடா, மன்ஹாட்டன், கொல்கத்தா முதலிய பகுதிகள் நீரில் மறைவதைக் காட்டும் நிலப்படம் மற்றொன்று. இப்படத்தை இங்கிலாந்தின் அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்பப் பிரிட்டன் அரசு முடிவெடுத்தபோது அதனை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. 2007 அக்டோபரில் தீர்ப்பளித்த நீதிபதி பர்டன், படத்தின் அடிப்படை அறிவியல் வாதத்தை ஏற்று, அதனைப் பள்ளிகளில் திரையிடவும் அனுமதித்தார். அறிவியலின் பொதுக்கருத்தினின்று விலகிய ஒன்பது இடங்களைச் சுட்டி, ஆசிரியர்களுக்கு வழிகாட்டுக் குறிப்பு உடன் செல்ல வேண்டும் என்றார். அவ்வொன்பதில் இவ்விரண்டும் அடங்கும். அத்தகைய கடல் உயர்வு நிகழ்ந்தாலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில்தான் நிகழும் என்பதும், கரடிகள் மூழ்கியதாகக் கிடைத்த ஒரே ஆய்வு புயலில் இறந்த நான்கு கரடிகளைப் பற்றியது என்பதும் அவர் கூறிய காரணங்கள்.

இத்தீர்ப்பைக் காலநிலை அறிவியலுக்கு எதிரானதாகவும், அல் கோருக்குக் கிடைத்த வெற்றியாகவும் இரு தரப்பினரும் மேற்கோள் காட்டினர். இங்குக் கவனிக்கத்தக்கது வேறு. நிலப்படக் காட்சியில் பரப்பும் உயரமும் கணக்கிட்டு வரையப்பட்டவை. குறைவுபட்டது காலம். நீலம் பரவச் சில நொடிகள் ஆகின்றன. அச்சில நொடியையே பார்வையாளர் காலமாக உணர்கிறார். நிலையான படத்தில் இச்சிக்கல் இல்லை. முன்னும் பின்னும் என இரு படங்களை அருகருகே வைத்தால், இடைப்பட்ட காலம் எவ்வளவு என்னும் கேள்வி இயல்பாகவே எழும். அசைவு அக்கேள்வியை விழுங்கிவிடுகிறது. மயாமியின் கண்ணாடித் தளப் படகு, அரை நூற்றாண்டு கழித்து, வழக்குமன்றத்தில் வந்து நின்றது எனலாம்.

தன்வினையில் பேசும் தரவு

தரவு அசையும் படங்கள் இக்குறையைப் போக்கின. அமெரிக்கத் தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகத்தின் கரியமில வாயு வரலாற்றுப் படம் இவற்றுள் முன்வைத்து எண்ணத்தக்கது. திரையின் ஒரு பக்கம் தென்துருவம் முதல் வடதுருவம் வரையிலான அளவுகள் புள்ளிகளாக நிற்கின்றன. 1979 முதல் மாதங்கள் ஓட, வடகோளப் புள்ளிகள் காடுகளின் துளிர்ப்புக்கும் உதிர்வுக்கும் ஏற்ப ஏறி இறங்குகின்றன. தென்கோளம் ஏறத்தாழ அசையாதிருக்கிறது. அடிகுழாயின் கைப்பிடி போல் ஆடிக்கொண்டே மொத்த வரிசையும் மேலெழுகிறது. பின்னர்ப் படம் காலத்தில் பின்னோக்கிச் சென்று, அண்டார்க்டிகாப் பனிப்பாளத்தைத் துளைத்தெடுத்த உருளைகள் காட்டும் 8,00,000 ஆண்டு வரலாற்றை விரிக்கிறது. அச்சு சுருங்கச் சுருங்க, சற்றுமுன் நிதானமாக ஏறிய கோடு விளிம்பில் செங்குத்தான ஒரு கீற்றாகிவிடுகிறது. இரு வேறு காலங்களை ஒரே பார்வையில் ஒப்பிடச் செய்யும் இவ்வேலையை அசையாப் படத்தால் இத்துணை எளிதில் செய்ய இயலாது.

2016 மே மாதம் ரீடிங் பல்கலைக்கழகக் காலநிலை அறிஞர் எட் ஹாக்கின்ஸ் வெளியிட்ட வெப்பநிலைச் சுருள் இதனினும் பரவலாகப் புகழ்பெற்றது. பன்னிரு மாதங்களும் கடிகார முகம் போல் வட்டமாக அமைய, 1850 முதலான ஒவ்வொரு மாதத்தின் உலகச் சராசரி வெப்பநிலையும் மையத்திலிருந்து உள்ள தொலைவாகக் குறிக்கப்படுகிறது. 1.5, 2 பாகை எல்லைகள் இரு வளையங்களாக நிற்க, சுருள் அவற்றை நோக்கி விரிகிறது. அவ்வாண்டு ஆகஸ்ட் 5 அன்று ரியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் அதன் ஒரு வடிவம் உலகுக்குக் காட்டப்பட்டது. ஆண்டெண் நடுவில் ஓடிக்கொண்டே இருப்பதால் காலத்தில் மயக்கமில்லை. வட்ட வடிவத்தால் ஒரு குறை உண்டு: ஆரம் கூடும்போது பரப்பு அதன் இருமடிக்கு ஏற்பக் கூடுமாதலால், அண்மை ஆண்டுகளின் விரிவு கண்ணுக்குச் சற்று மிகையாகத் தோன்றும். 2022இல் நாசாவின் காட்சிப்படுத்தற் கூடம் இதே சுருளை மறுபடி வரைந்து, இறுதியில் பக்கவாட்டில் திருப்பிக் காட்டியது. அப்போது அது சுழற்காற்றின் வடிவை ஒத்திருக்கிறது.

அச்சுழற்காற்று தற்செயலான ஒற்றுமையாக இருக்கலாம். ஆனால் அது இவ்வகைப் படங்களின் இலக்கணத்தை வெளிப்படுத்துகிறது. வெப்பநிலை உயர்ந்தது, சுருள் விரிந்தது, செறிவு ஏறியது. அனைத்தும் தன்வினை. உயர்த்தியது யார் என்னும் பிறவினை வாக்கியத்துக்கு இங்கு இடமில்லை. 1950களில் பூதமாகவேனும் தேவதையாகவேனும் ஒரு வினைமுதல் நின்றது. அது பொய்யான வினைமுதல் என்று மறுக்கவேனும் வழியிருந்தது. தரவுப் படத்தில் மறுக்கவும் யாரும் இல்லை. தரவின் நேர்மைக்கு இது தேவை என்று கூறுவோர் உளர். வெப்பமானி காரணத்தை அளப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் காரணத்தைக் கண்டறிந்த ஆய்வுகளும் தரவுகளின் மீது எழுந்தவையே. அவற்றை அசைவூட்டாமல் விட்டது ஒரு தேர்வு.

அசைவு கற்றலுக்கு உதவுகிறதா என்னும் கேள்வியில் கல்வி உளவியலாரும் ஒருமித்த கருத்தினரல்லர். பார்பரா ட்வெர்ஸ்கி, ஜூலி மாரிசன், மிரேய் பெத்ரான்கூர் ஆகியோர் 2002இல் எழுதிய கட்டுரை, அசைவூட்டம் வென்றதாகக் கூறும் பல ஆய்வுகளில் அசையாப் படத்துக்குச் சமமான செய்தி தரப்படவே இல்லை என்று காட்டிற்று. 26 ஆய்வுகளைத் தொகுத்த ஹோஃப்லர், லாய்ட்னர் ஆகியோர் 2007இல் அசைவூட்டத்துக்கு மிதமான ஆதாயம் இருப்பதாகக் கண்டனர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அசைவு தானே பயன் தருவதில்லை. கருத்து அசைவைக் கோரும் இடத்தில்தான் அது பயன் தருகிறது என்று கொள்ளலாம்.

அத்தகைய இடத்துக்கு எடுத்துக்காட்டு, தொட்டியும் குழாயும். 2007இல் ஜான் ஸ்டெர்மன், லிண்டா பூத் ஸ்வீனி ஆகியோர் எம்ஐடியின் பட்டமேற்படிப்பு மாணவரிடம் நடத்திய ஆய்வில், ஆண்டு உமிழ்வு கூடாமல் நிலைநின்றால் காற்றில் உள்ள செறிவும் நிலைநின்றுவிடும் என்று பெரும்பாலோர் கருதினர். நிரம்பிவரும் தொட்டியில் குழாயைத் திறந்தபடியே விட்டு, நீர்மட்டம் நின்றுவிடும் என்று எதிர்பார்ப்பதைப் போன்றது இது. உமிழ்வில் ஏறத்தாழப் பாதியையே நிலமும் கடலும் உறிஞ்சுகின்றன. உள்வரத்து வெளிப்போக்கினும் மிகும் வரை மட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். பயின்றவரும் தடுமாறும் இவ்வேறுபாட்டை, தொட்டியின் குழாயைத் தாமே திருகிப் பார்க்கும் அசைவூட்டப் படங்கள் தெளிவாக்குகின்றன. அவற்றில் குழாயைத் திருகும் கை ஒன்றும் இருக்கிறது.

நியூயார்க் நகரத்தைப் பற்றி 2012இல் பிரிட்டனின் கார்பன் விஷுவல்ஸ் நிறுவனம் எடுத்த சிறுபடமும் இங்கு எண்ணத்தக்கது. ஒரு டன் கரியமில வாயு என்பது ஏறத்தாழ 10 மீட்டர் விட்டமுள்ள நீலக் கோளமாக வரையப்பட்டது. 2010இல் அந்நகரம் வெளியிட்டது 5.4 கோடி டன். நொடிக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவாகக் கோளங்கள் தெருவிலிருந்து வெளிப்படுகின்றன. முதலில் உள்ளபடியான வேகத்தில் காட்டி, பின்னரே விரைவுபடுத்தி, ஒருநாள் குவியலையும் ஓராண்டு மலையையும் படம் காட்டுகிறது. அதனால் காலத்தைப் பார்வையாளர் இழப்பதில்லை. இடம் தெளிவு, பொருள் தெளிவு, காலம் தெளிவு. கோளங்களோ தெருவின் தரையிலிருந்து தாமே முளைக்கின்றன.

நிறம் பெற்ற காற்று

நாசாவின் இரு படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது இவ்வரலாற்றின் அண்மைத் திருப்பத்தைக் காட்டும். 2014 நவம்பரில் வெளியான முதற்படம், 2006ஆம் ஆண்டில் கரியமில வாயு உலகைச் சுற்றிய விதத்தைக் கணிப்பொறி மாதிரியின் துணையால் காட்டியது. அதற்கான கணக்கீட்டுக்கு 75 நாள் ஆயிற்று. பிறந்த தரவு ஏறத்தாழ நான்கு பெட்டாபைட். வடகோளத்தின் மேல் செம்மையும் ஊதாவும் கலந்த சுழல்கள் புரண்டு ஓடுகின்றன. கோடையில் தாவரங்கள் உறிஞ்ச, நிறம் வெளிறுகிறது. காண்பதற்கு மிக அழகிய படம். அவ்வழகே அதன் இடர். ஆலைப்புகையும் காட்டின் மூச்சும் ஒரே நிறத்தில் ஒரே காற்றில் கலந்து ஓடுவதால், வினைமுதல் காற்று என்றே கண் நம்புகிறது. மீட்டியோரா பெயரின்றித் திரும்பிவிட்டாள்.

2023இல் வெளியான படம் 2021ஆம் ஆண்டைப் பற்றியது. இம்முறை வாயு எங்கிருந்து வந்தது என்பதற்கேற்ப நிறம் பகுக்கப்பட்டது. புதைபடிவ எரிபொருளிலிருந்து வந்தது ஆரஞ்சு, காடும் பயிர்த்தாளும் போன்ற உயிர்த்திரள் எரிந்து வந்தது சிவப்பு, நிலத்துத் தாவர மண்டலம் பச்சை, கடல் நீலம். நிலமும் கடலும் வாயுவை உள்வாங்குவது பச்சை, நீலப் புள்ளிகளின் துடிப்பாகத் தெரிகிறது. முந்திய படத்தில் ஒன்றாய்க் குழம்பியது இதில் பிரிந்து நிற்கிறது. வட அமெரிக்கா, ஐரோப்பா, கிழக்காசியா ஆகியவற்றின் மேல் ஆரஞ்சு தடித்து எழுவதைக் காணும் மாணவர், எது எரிந்தது, எங்கு எரிந்தது என்னும் இரண்டுக்கும் விடை பெறுகிறார். எழுபது ஆண்டு வரலாற்றில் கருவியும் இடமும் காலமும் ஒருசேரத் தெரிநிலையாக அமைந்த படங்களுள் இதற்குத் தனியிடம் உண்டு.

எனினும் ஆரஞ்சு நிறம் காட்டுவது எரித்த இடத்தையே. ஓர் ஆலை சீனத்தின் கடலோரத்தில் இயங்க, அங்குச் செய்த பொருளை மற்றொரு கண்டத்தில் ஒருவர் வாங்கிப் பயன்படுத்தினால், நிறம் ஆலையின் மேல் மட்டுமே எழும். உற்பத்தி நாட்டின் கணக்கில் சேர்ப்பதா, நுகரும் நாட்டின் கணக்கில் சேர்ப்பதா என்று உமிழ்வுக் கணக்கியலார் இன்றும் வாதிடும் பொருள் இது. காற்றில் மிதக்கும் மூலக்கூற்றின் மேல் அவ்வாதத்தின் தடயம் ஏதும் இல்லை. இயற்றுதற் கருத்தாவுக்கு நிறம் கிடைத்துவிட்டது. ஏவுதற் கருத்தா இன்னும் நிறமற்றே இருக்கிறது.